கொலஸ்ட்ரோல் குளுசை குடிப்பவருக்குக் கால் எரிந்தால்: படிப்படியான முழு வழிகாட்டி

"அண்ணே, எனக்கும் உந்தக் கொலஸ்ட்ரோல் குளுசையாலதான் கால் எரிஞ்சது. விட்டிட்டன், இப்ப சுகம்." கிளினிக் வாங்கில் தன் இலக்கம் வரும்வரை குந்தியிருக்கும் ஒருவர் இப்படிச் சொன்னால் போதும். பக்கத்தில் இருப்பவர் அன்றிரவே குளுசையை விட்டுவிடுகிறார். அவர் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவராகவோ அடைபட்ட இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவராகவோ இருந்தால், அவரைக் காக்கும் முக்கிய மருந்துகளில் ஒன்றை யாருக்கும் சொல்லாமல் நிறுத்தியிருக்கிறார் என்று அர்த்தம்.

இன்னொரு பக்கமும் உண்டு. கால் விறைக்கிறது, எரிகிறது என்று வருபவரை "வயது போனால் அப்படித்தான்" என்று அனுப்பிவிடுவதும் பிழை. நரம்பு பழுதாவதற்கான காரணங்களில் பல, சாதாரண இரத்தப் பரிசோதனையில் பிடிபடக்கூடியவை. சில முழுமையாகத் திருத்தக்கூடியவை, ஆனால் காலம் தாழ்த்தினால் திருத்த முடியாதவை. ஆகவே குளுசையையும் விடக்கூடாது, காலையும் விடக்கூடாது. எந்த ஒழுங்கில் எதைப் பார்ப்பது என்பதே இந்த வழிகாட்டி.

காத்திருக்கக்கூடாத அறிகுறிகள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த கிளினிக் திகதியைப் பார்த்திருக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸில், அல்லது கிடைக்கும் வாகனத்தில், திருகோணமலை பொது வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைக்கோ போங்கள்.

தொடையும் தோளும் பலமிழந்து, சிறுநீர் கறுத்த தேயிலைச் சாயம்போலப் போதல்: தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலையாக இருக்கலாம். ஸ்டட்டின் எனப்படும் கொலஸ்ட்ரோல் குளுசைகளால் வரும் மிக ஆபத்தான விளைவு இது, ஆனால் மிக அரிது. பாதத்தில் தொடங்கிய பலவீனம் சில நாட்களில் முழங்கால், இடுப்பு என்று மேலேறுதல். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை ஒரு கால் விழுதல், பேச்சுக் குழறுதல். கண்ணிமை தொங்குதல், பொருட்கள் இரண்டாகத் தெரிதல், விழுங்கவோ மூச்செடுக்கவோ கஷ்டம். மலசலம் போகும் இடத்தைச் சுற்றி உணர்வில்லாமல் போய் சிறுநீர் அடைத்தல் அல்லது தானாகப் போதல். ஒரு கால் மட்டும் திடீரென்று குளிர்ந்து வெளிறி வலித்தல்.

கண்ணிமை தொங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டட்டின் குளுசைகள் மிக அரிதாக மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நரம்பு-தசைச் சந்தி நோயைத் தூண்டலாம், அல்லது ஏற்கெனவே உள்ளதைக் கூட்டலாம் என்று 2023 இல் ஐரோப்பிய, பிரித்தானிய மருந்து ஒழுங்குபடுத்தும் அமைப்புகள் எச்சரிக்கை சேர்த்தன. அந்த நோய் உள்ளவர்கள் கொலஸ்ட்ரோல் குளுசை தொடங்குமுன் அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

குளுசைமீது உண்மையில் எவ்வளவு பழி?

அட்டோர்வாஸ்டட்டின், ரொசுவாஸ்டட்டின், சிம்வாஸ்டட்டின், பிரவாஸ்டட்டின் எல்லாம் ஸ்டட்டின் குடும்பம். ஈரலில் கொலஸ்ட்ரோல் உண்டாகும் பாதையில் ஒரு நொதியத்தைத் தடுப்பது இவற்றின் வேலை. அதே பாதையில்தான் கலங்கள் சக்தி எடுக்கத் தேவையான கோஎன்சைம் கியூ10 என்ற பொருளும் உருவாகிறது. நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் உறையிலும் கொலஸ்ட்ரோல் நிறைய உண்டு. எனவே "இது நரம்பைத் தாக்குமா?" என்ற சந்தேகம் நியாயமானதே.

2002 இல் டென்மார்க்கில், காரணம் தெரியாத நரம்புப் பாதிப்புள்ள 166 பேரை வைத்துச் செய்த ஆய்வு, ஸ்டட்டின் எடுத்தவர்களிடம் அது பல மடங்கு அதிகம் என்றது. இன்றுவரை சுற்றிவரும் பயத்துக்கு வேர் இதுதான். அதே நாட்டில் 2017 இல் 370 நோயாளர்களையும் 7,400 ஒப்பீட்டாளர்களையும் வைத்துச் செய்த பெரிய ஆய்வில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. அட்டோர்வாஸ்டட்டினின் உத்தியோகபூர்வ மருந்துக் குறிப்பில் விறைப்பும் கூச்சமும் 1,000 பேரில் 1 முதல் 10 பேருக்கு வரலாம் என்றும், புற நரம்புப் பாதிப்பு 10,000 பேரில் 1 முதல் 10 பேருக்கு வரலாம் என்றும் உள்ளது.

இவற்றை எடைபோட்டால் வரும் முடிவு: நடக்கக்கூடியது, ஆனால் அரிது. கொலஸ்ட்ரோல் குளுசை எடுக்கும் ஒருவருக்குக் கால் எரிந்தால், அதே ஆளிடம் உள்ள சீனி வருத்தமோ, சீனிக்கு எடுக்கும் மெட்போமினோ காரணமாக இருக்கும் சாத்தியம் பல மடங்கு கூட. மறுபுறத்தில், கெட்ட கொலஸ்ட்ரோலான எல்.டி.எல் ஒவ்வொரு 39 மி.கி/டெ.லி குறையும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் ஆபத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. குளுசையை நிறுத்தும்போது இந்தக் காவலைத்தான் கைவிடுகிறோம்.

படி 1: நரம்பா, தசையா, இரத்தக்குழாயா?

"கால் உளைவு" என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சொல்வதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். டொக்டர் ஒருவருக்குச் செலவிடக்கூடிய நேரம் கொஞ்சம். அதற்குள் சரியான விபரம் போய்ச் சேரவேண்டும்.

நரம்பு என்றால் இரு பாதங்களின் விரல் நுனிகளில் தொடங்கும். எரிவு, ஊசி குத்துதல், எறும்பு ஊர்தல், மின் அடித்ததுபோல் சுண்டுதல், பஞ்சில் நடப்பதுபோன்ற உணர்வு. இரவில் கூடும், சாரம் பட்டாலும் எரியும். மாதக்கணக்கில் மெல்ல மேலேறி, முழங்காலை எட்டும் காலத்தில் கைவிரல் நுனிகளிலும் தொடங்கும்.

தசை என்றால் இரு தொடைகள், கெண்டைக்கால்கள், தோள்கள். உளைவு, பிடிப்பு, பலமின்மை. விறைப்பு இருக்காது. கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்ப, மாடிப்படி ஏற, தலைக்கு மேலே துணி காயப்போடக் கஷ்டமாக இருக்கும். ஸ்டட்டினால் வரும் உபாதைகளில் மிகுதி இந்த வகைதான். குளுசை தொடங்கி அல்லது அளவைக் கூட்டிச் சில வாரங்களுக்குள் வருவது வழக்கம்.

இரத்தக்குழாய் என்றால் குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும். மறுபடி அதே தூரத்தில் பிடிக்கும். இதைத் தவறவிடவே கூடாது. காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் கொழுப்பால் அடைபடுவதன் அடையாளம் இது. புகைப்பவர்களுக்கும் சீனி உள்ளவர்களுக்கும் அதிகம். இவருக்குக் கொலஸ்ட்ரோல் குளுசை கட்டாயம் வேண்டும். "குளுசையால் வந்த கால்வலி" என்று நினைத்து இவர் அதை நிறுத்தினால், நோயைக் குறைக்கும் மருந்தையே நிறுத்துகிறார்.

ஒரு பக்கம் மட்டும் நாரியிலிருந்து காலுக்கு இறங்கும் வலி முள்ளந்தண்டு நரம்பு நெரிபடுவது. இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மட்டும் விறைத்து, கையை உதறினால் விட்டுப்போவது மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவது. இவற்றுக்கும் கொலஸ்ட்ரோல் குளுசைக்கும் சம்பந்தம் தேட வேண்டாம்.

உணர்வில்லாத, நிறம் மங்கிய தேமல் ஏதும் உடம்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இலங்கையில் இன்னமும் ஆண்டுதோறும் புதிய தொழுநோயாளர்கள் கண்டறியப்படுகிறார்கள். தோலில் தேமலும் நரம்பில் பழுதும் சேர்ந்து வந்தால் அதை நினைக்கவேண்டும். முற்றாகக் குணமாகும் நோய், மருந்து இலவசம், மறைக்க ஒன்றுமில்லை.

படி 2: வீட்டிலேயே உணர்வைச் சோதியுங்கள்

பிரித்தானியாவில் உருவான 'இப்சுவிச் தொடு சோதனை'க்கு ஒரு கருவியும் தேவையில்லை. வீட்டில் இன்னொருவர் இருந்தால் போதும்.

சோதிக்கப்படுபவர் செருப்பு, காலுறை கழற்றிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளட்டும். மற்றவர் தன் சுட்டுவிரல் நுனியால் கால்விரலின் நுனியை ஒன்று அல்லது இரண்டு விநாடி மெதுவாகத் தொடவேண்டும். அமத்தக்கூடாது, தட்டக்கூடாது, தடவக்கூடாது. உணர்ந்தவுடன் "வலது" அல்லது "இடது" என்று சொல்லவேண்டும். ஒழுங்கு இது: வலது பெருவிரல், வலது சின்னவிரல், இடது பெருவிரல், இடது சின்னவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல். ஒவ்வொன்றையும் ஒரே ஒருமுறை. சொல்லாவிட்டால் திரும்பத் தொட்டுப் பார்க்காமல் "உணரவில்லை" என்று எழுதிக்கொள்ளுங்கள். இங்கேதான் வீட்டில் பிழைவிடுவார்கள்: அம்மாமேல் உள்ள அன்பில் மகள் இன்னொருமுறை அழுத்தித் தொட்டு, "இப்ப தெரியுதுதானே அம்மா?" என்பாள். அப்படிக் கேட்டால் சோதனை வீண்.

ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் உணரவில்லை என்றால் பாத உணர்வு குறைந்திருக்கிறது. கிளினிக்கில் 10 கிராம் மொனோபிலமென்ட் இழை, 128 ஹேர்ட்ஸ் இசைக்கவை, கணுக்கால் தெறிவினை ஆகியவற்றால் உறுதிசெய்வார்கள். எல்லா விரலும் உணர்ந்தாலும் எரிவு இருக்கிறதென்றால் சோதனை அதைப் பொய்யாக்காது. வலியையும் சூட்டையும் கடத்தும் மெல்லிய இழைகள் மட்டும் பழுதானால் தொடுகை தெரியும், எரிவும் இருக்கும். அந்த நிலையில் நரம்புக் கடத்துகைப் பரிசோதனையும் சாதாரணமாகவே வரலாம்.

தசைக்கு ஒரு சோதனை: கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து ஐந்துமுறை எழும்புங்கள். முன்பு முடிந்தது இப்போது முடியவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

படி 3: வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் மேசையில் வையுங்கள்

அரச வைத்தியசாலையில் பெரும்பாலும் குளுசைகள் எண்ணிக் கடதாசி உறையில்தான் வரும். அட்டோர்வாஸ்டட்டினும், பிரஷர் குளுசையான அம்லோடிபினும், மெட்போமினும் பெரும்பாலும் வெள்ளை நிறம். பழைய உறையில் புதிய குளுசையைக் கொட்டி வைத்தால் எது எதுவென்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு உறையிலும் பெயர், மில்லிகிராம், எத்தனை வேளை, தொடங்கிய மாதம் என்ற நான்கும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மருந்துத் துண்டைக் கொண்டுபோய்க் கேட்டு எழுதுவியுங்கள். தனியார் பாமசியிலோ ஒசுசலவிலோ வாங்கியதும், நாட்டு மருந்தும், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய விட்டமின் போத்தலும் இந்த மேசைக்கு வரவேண்டும்.

இனித் தேடவேண்டியவை.

மெட்போமின் முதலாவது. பல ஆண்டுகள் எடுத்தால், குறிப்பாக அதிக அளவில், குடல் விட்டமின் பி12 ஐ உறிஞ்சுவது குறையும். பி12 இல்லாமல் மயலின் உறை பழுதாகும். ஒமெப்ரசோல் போன்ற 'காஸ்' குளுசையை நீண்டகாலம் சேர்த்து எடுத்தால் இன்னும் குறையும். மச்சம் தொடாத சைவக்காரர் என்றால் வருவாயும் குறைவு. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது நம் ஊரில் புதுமையல்ல. சீனி, கொலஸ்ட்ரோல், வயிற்றெரிவு மூன்றுக்கும் கிளினிக் போகும் சைவ அம்மாமார் எத்தனையோ பேர். அவர்கள் பழிபோடுவது மட்டும் கொலஸ்ட்ரோல் குளுசைமீது.

காசநோய்க்கு எடுக்கும் ஐசோனியாசிட், இதயத் துடிப்புக்கு எடுக்கும் அமியோடரோன், வலிப்புக்கு நீண்டகாலம் எடுக்கும் பினிட்டோயின், கௌட்டுக்கு எடுக்கும் கொல்ச்சிசின் ஆகியவை தாங்களே நரம்பைப் பாதிக்கக்கூடியவை. கொல்ச்சிசின் ஸ்டட்டினோடு சேரும்போது தசையையும் கூடுதலாகத் தாக்கும்.

'நரம்புக்கு நல்லது' என்று கடையில் கேட்டு வாங்கும் பி1, பி6, பி12 கலவைக் குளுசைகளிலும் கவனம் வேண்டும். பி6 கூடினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 12 மி.கி தான் மேல் எல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2023 இல் நிர்ணயித்தது. பல கலவைக் குளுசைகளில் அதைவிடப் பன்மடங்கு இருக்கும். இரண்டு மூன்று போத்தல்களைச் சேர்த்து மாதக்கணக்கில் எடுப்பவருக்கு, எரிவுக்கு எடுத்த மருந்தாலேயே எரிவு நீளலாம்.

ஸ்டட்டினின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும் மருந்துகள் வேறு. சிம்வாஸ்டட்டினோடு கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக்குகளும், பங்கசுக்கு எடுக்கும் இட்ரகோனசோலும், இரத்தக் கொழுப்புக்கு எடுக்கும் ஜெம்பைப்ரோசிலும் சேரவே கூடாது. நெஞ்சுச்சளிக்கு அவசரமாக அன்டிபயோட்டிக் எழுதுபவரிடம் "கொலஸ்ட்ரோல் குளுசை எடுக்கிறன்" என்று கட்டாயம் சொல்லுங்கள். அம்லோடிபினோடு என்றால் சிம்வாஸ்டட்டின் 20 மி.கி ஐத் தாண்டக்கூடாது. கிரேப்ப்ரூட் சாறும் அதன் இனமான ஜம்போலாவும் சிம்வாஸ்டட்டின், அட்டோர்வாஸ்டட்டின் அளவைக் கூட்டக்கூடிய பொருளைக் கொண்டவை. 'இயற்கைக் கொழுப்பு மருந்து' என விற்கும் சிவப்பு அரிசி நொதிப்பில் உள்ள மொனகொலின் கே என்பது லோவஸ்டட்டின் என்ற ஸ்டட்டினேதான். அதையும் குளுசையையும் சேர்த்து எடுப்பது இரட்டை மருந்து.

சாராயம், கசிப்பு, கள்ளு பற்றியும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். நாள்தோறும் குடிப்பவரின் பாத நரம்பு, சீனி இல்லாமலே எரியும்.

படி 4: சரியான இரத்தப் பரிசோதனைகள்

ஒரேயடியாக எல்லாவற்றுக்கும் காசு கொடுக்க முடியாதவர்களுக்காக முக்கியத்துவ ஒழுங்கில் சொல்கிறோம். கிளினிக்கில் இலவசமாகச் செய்யக்கூடியதை முதலில் கேளுங்கள்.

முதலில் வெறுவயிற்றுச் சீனியும், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ1சி யும். எச்.பி.ஏ1சி 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவு, 5.7 முதல் 6.4 வரை அதற்கு முந்திய நிலை. முந்திய நிலையிலேயே பாதம் எரியத் தொடங்கலாம். ஸ்டட்டின், சீனி எல்லையில் நிற்பவரைச் சற்று வேகமாக நீரிழிவுக்குள் தள்ளலாம் என்பதும் உண்மை. ஆனால் இதயத்துக்குக் கிடைக்கும் நன்மை அதைவிடப் பெரிது. சீனியைக் கவனித்துக்கொண்டு குளுசையைத் தொடர்வதே வழி.

இரண்டாவது பி12. 200 பி.கி/மி.லி க்குக் கீழே என்றால் குறைபாடு, 200 முதல் 300 வரை சந்தேக வலயம். அறிகுறி இருந்தால் சந்தேக வலயத்திலும் சிகிச்சை தொடங்குவது நியாயம். விட்டமின் ஊசியோ குளுசையோ போட்டபின் பரிசோதித்தால் அளவு உயர்ந்து காட்டும், குறைபாடு மறைந்துவிடும். முதலில் இரத்தம், பிறகு ஊசி. பி12 பார்க்காமல் போலிக் அமிலம் மட்டும் எடுத்தால் இரத்தச்சோகை தெளிவதுபோல் தோன்றும், நரம்பு தொடர்ந்து கெடும்.

மூன்றாவது ரி.எஸ்.எச் என்ற தைரொயிட் பரிசோதனை. தைரொயிட் குறைந்தால் கொலஸ்ட்ரோல் தானாகவே ஏறும், தசையும் உளையும், நரம்பும் விறைக்கும். இதைப் பார்க்காமல் ஸ்டட்டின் கொடுத்தால், தசை உபாதை வரும் வாய்ப்பு கூடிய ஒருவருக்கு அதைக் கொடுத்ததாகிறது. தைரொயிட்டைத் திருத்தினால் சிலருக்குக் கொலஸ்ட்ரோல் குளுசையே தேவைப்படாமல் போகும்.

பிறகு சிறுநீரகத்துக்கு சீரம் கிரியற்றினின், ஈரலுக்கு ஏ.எல்.ரி, முழு இரத்தக் கணக்கு. தசை உளைவோ பலவீனமோ இருந்தால், தசை பழுதாகும்போது இரத்தத்தில் ஏறும் சி.கே. கடின வேலை செய்த மறுநாள், தசையில் ஊசி போட்ட மறுநாள் சி.கே ஏறியிருக்கும். வலை இழுப்பவரும் மூட்டை தூக்குபவரும் இரண்டு மூன்று நாள் ஓய்வெடுத்துவிட்டுக் கொடுப்பது நல்லது. மேல் எல்லையின் 10 மடங்கைத் தாண்டினால் ஸ்டட்டின் உடனே நிறுத்தப்படவேண்டும். நரம்பு மட்டும் பழுதானால் சி.கே பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும்.

படி 5: குளுசைதானா என்று முறையாகச் சோதிப்பது

மேலே சொன்ன எதிலும் காரணம் அகப்படவில்லை, அல்லது குளுசை தொடங்கியபின்தான் அறிகுறி வந்தது என்று திகதியோடு சொல்லமுடிகிறது. அப்போதுதான் இந்தப் படி. இதைத் தனியே செய்யவேண்டாம். கடந்த ஓராண்டுக்குள் மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ், பக்கவாதம் என்று ஏதும் நடந்திருந்தால், இதய வைத்தியரின் சம்மதமில்லாமல் ஒருநாள்கூட நிறுத்தாதீர்கள்.

நிறுத்துமுன் ஒரு வாரம் தினமும் இரவில் எரிவுக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் கொடுத்துக் கொப்பியில் எழுதுங்கள். இதுதான் ஒப்பிடுவதற்கான அடிப்படை. பிறகு வைத்தியர் சொல்லும் காலத்துக்கு, தசை உபாதை என்றால் வழக்கமாக 2 முதல் 4 வாரத்துக்கு, ஸ்டட்டினை மட்டும் நிறுத்தி, அதே எண்ணைத் தொடர்ந்து எழுதுங்கள். இந்தக் காலத்தில் புதிய விட்டமினோ எண்ணெய்ப் பூச்சோ தொடங்கக்கூடாது. தொடங்கினால் எது வேலை செய்ததென்று தெரியாமல் போகும். பின்னர் மீண்டும் தொடங்கி, அறிகுறி திரும்புகிறதா என்று பார்க்கவேண்டும். திரும்பத் தொடங்கிப் பார்க்காத சோதனை பாதிச் சோதனை.

நரம்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. தசை சில வாரத்தில் தேறும், நரம்பு மாதக்கணக்கில்தான் தேறும். இரண்டு வாரம் நிறுத்தியும் விறைப்பு மாறவில்லை என்பதால் குளுசை குற்றமற்றது என்று தீர்ப்புச் சொல்லமுடியாது. நிறுத்திய அடுத்த நாளே பல ஆண்டு விறைப்பு பறந்துவிட்டது என்றால், அதை நரம்பு தேறியதாக எடுக்கவும் முடியாது.

எதிர்பார்ப்பும் உடம்பில் வலியாகத் தெரியும். பக்கவிளைவால் ஸ்டட்டினைக் கைவிட்ட 60 பேருக்கு, ஓராண்டாக மாதம் மாற்றி மாதம் ஸ்டட்டின், மருந்தில்லாத வெற்றுக் குளுசை, ஒன்றுமில்லை என்று கொடுத்துப் பார்த்த பிரித்தானிய ஆய்வு 2020 இல் வெளியானது. ஸ்டட்டின் மாதங்களில் அவர்கள் பட்ட உபாதையில் 90 சதவீதம் வெற்றுக் குளுசை மாதங்களிலும் இருந்தது. அவர்களில் பாதிப்பேர் பிறகு ஸ்டட்டினை மீண்டும் தொடங்கினார்கள். அவர்களுடைய வலி பொய்யில்லை. வலி உண்மை, காரணம்தான் வேறு. "எல்லாம் உங்கட மனப்பிரமை" என்று நோயாளியிடம் சொல்வது எந்த வகையிலும் சரியல்ல.

படி 6: குளுசைதான் காரணம் என்றால் மாற்று வழி

அளவைப் பாதியாக்கினால் பயனும் பாதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஸ்டட்டின் அளவை இரட்டிப்பாக்கும்போது எல்.டி.எல் கூடுதலாகக் குறைவது ஏறத்தாழ 6 சதவீதம்தான். ஆகவே 40 மி.கி அட்டோர்வாஸ்டட்டினை 10 ஆக்கினாலும் பயனின் பெரும்பகுதி மிஞ்சும். குறைந்த இடத்தை 10 மி.கி எசெட்டிமைப் நிரப்பும். அது குடலில் கொலஸ்ட்ரோல் உறிஞ்சுவதைத் தடுத்து எல்.டி.எல் ஐ மேலும் 20 சதவீதமளவு குறைக்கும்.

வேறு ஸ்டட்டினுக்கு மாறுவது இன்னொரு வழி. சிம்வாஸ்டட்டினும் அட்டோர்வாஸ்டட்டினும் கொழுப்பில் கரைபவை. ரொசுவாஸ்டட்டினும் பிரவாஸ்டட்டினும் நீரில் கரைபவை. ஒன்றை ஏற்காத உடம்பு மற்றொன்றை ஏற்பது சாதாரணம். ரொசுவாஸ்டட்டின் ஆசிய வம்சாவளியினரின் இரத்தத்தில் கூடுதலாக ஏறுவதால் 5 மி.கி இல் தொடங்குவது முறை. உடம்பில் நீண்ட நேரம் தங்குவதால், சகிக்க முடியாதவர்களுக்கு வைத்தியர் ஒருநாள் விட்டு ஒருநாள்கூடக் கொடுப்பார். சிம்வாஸ்டட்டினை இரவில் எடுக்கவேண்டும். அட்டோர்வாஸ்டட்டினையும் ரொசுவாஸ்டட்டினையும் எந்த நேரமும் எடுக்கலாம், தினமும் ஒரே நேரமாக இருந்தால் சரி.

கோஎன்சைம் கியூ10 குளுசைக்குக் காசைக் கொட்டுமுன் யோசியுங்கள். ஸ்டட்டின் தசைவலிக்கு அது உதவும் என்பதை நல்ல ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. மாற்றம் எதுவானாலும் 4 முதல் 12 வாரத்தில் கொலஸ்ட்ரோலை மீண்டும் பாருங்கள். இதய நோய் வந்தவருக்கு எல்.டி.எல் 70 மி.கி/டெ.லி க்குக் கீழ் இருக்கவேண்டும், ஐரோப்பிய வழிகாட்டலின்படி 55 க்குக் கீழ்.

எரிவைத் தணிப்பதும் பாதத்தைக் காப்பதும்

நரம்பு எரிவுக்கு டைக்ளோபினாக் போன்ற வலிக் குளுசை பிரயோசனமில்லை. சிறுநீரகத்தையும் இதயத்தையும் கெடுப்பதுதான் மிச்சம். அமிட்ரிப்டிலின் இரவில் 10 மி.கி இல் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். இதயத் துடிப்புக் கோளாறு, சிறுநீர் தடை உள்ள முதியவருக்கு அது ஒத்துவராது. கபாபென்ரின், பிரிகாபலின் சிறுநீரக நிலையைப் பார்த்து அளவு குறைக்கப்படவேண்டியவை. இவை எரிவை மறைக்குமே தவிர நரம்பைத் திருத்தா. காரணத்தைத் தேடும் வேலை ஒருபக்கம் நடக்கவேண்டும்.

உணர்வு குறைந்த பாதத்துக்குத் திருகோணமலையில் ஆபத்தான இடங்கள் சில. கன்னியா வெந்நீர் ஊற்றின் ஏழு கிணறுகளும் ஏழு விதச் சூடு. விறைத்த காலுக்கு அது தெரியாது. காலில் ஊற்றுமுன் முழங்கையில் ஊற்றிப் பாருங்கள், அல்லது கூட வந்தவர் சோதிக்கட்டும். கோணேசர் கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறுவதென்றால் காலையிலேயே அல்லது வெயில் தாழ்ந்தபின் போங்கள். மதியக் கல்லில் பொக்களம் போட்டதே தெரியாமல் வீடு வந்து, மறுநாள் காலுறையில் ஈரம் கண்டு பதறுவது இப்படித்தான். உப்புவெளி, நிலாவெளி மணலிலும் அதே சூடு, கூடவே சிப்பியும் கண்ணாடித் துண்டும். கரைவலை இழுப்பவர்கள் பின்வார் உள்ள செருப்பு அணியவேண்டும். தீமிதிப்பு நேர்த்தி இருந்தால், பாத உணர்வு குறைந்தவர் அதைப் பாற்குடமாகவோ வேறொரு நேர்த்தியாகவோ மாற்றிக்கொள்ளட்டும்.

பி12 குறைந்தவர்கள் சூடை மீனை வாரத்தில் சில நாள் சேர்த்தால் நல்ல வருவாய். முட்டையிலும் பாலிலும் தயிரிலும் உண்டு. மரக்கறியில் இல்லை. ஆனால் அறிகுறி வந்தபின் சாப்பாட்டால் மட்டும் நிரப்ப முடியாது. ஊசியோ அதிக அளவுக் குளுசையோ தேவை. சைவக்காரருக்கும் மெட்போமின் தொடர்பவருக்கும் அது நீண்டகாலத் தேவை.

இரவு படுக்குமுன் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கை ஒற்றித் துடைத்து, உள்ளங்காலைச் சிறு கண்ணாடியில் பாருங்கள். வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் பூசலாம், விரலிடுக்கில் மட்டும் பூசக்கூடாது, அங்கே ஈரம் தங்கிப் புண்ணாகும். காலாணியைப் பிளேட்டால் சீவவேண்டாம். சின்னக் காயமென்றாலும் இரண்டு நாளில் காயவில்லை, சுற்றிச் சிவக்கிறது, மணக்கிறது என்றால் வலி இல்லாவிட்டாலும் அன்றே காட்டுங்கள்.

கிளினிக்குக்குப் போகும் நாளில் கொப்பியின் ஒரு பக்கத்தில் இவை இருக்கட்டும்: அறிகுறி தொடங்கிய மாதம், கொலஸ்ட்ரோல் குளுசை தொடங்கிய மாதமும் அளவும், மெட்போமின் எத்தனை ஆண்டு, தொடு சோதனையில் ஆறில் எத்தனை உணரவில்லை, இரவு எண் எவ்வளவு, கடைசி எச்.பி.ஏ1சி, பி12, ரி.எஸ்.எச். அதைக் காட்டி, "டொக்டர், இரண்டு காலும் விரல் நுனியில இருந்து எரியுது, இரவில கூட. குளுசையை நான் நிப்பாட்டேல்ல. பி12 ஒருக்காப் பாக்கலாமா?" என்று கேளுங்கள்.